தாம்பூலத்துள் மறைந்த புகையிலை: தென்னிந்திய வாய்ப்புற்று ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த வரலாறு பெரும்பாலும் 1950இல் வெளியான சிகரெட்டு, நுரையீரல் புற்று ஆய்வுகளிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே சென்னையிலும் நெய்யூரிலும் பணியாற்றிய மருத்துவர்கள் வாயிலிட்டு மெல்லும் பொருளுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவைப் பதிவு செய்திருந்தனர். எனினும் மெல்லும் புகையிலை, வெற்றிலை போடும் வழக்கத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே கருதப்பட்டதால், தனிக் காரணியாக எண்ணப்படுவதற்குக் காலம் பிடித்தது. இக்காலத் தாழ்வு மருத்துவ ஆய்வோடு நில்லாமல் சட்டத்திலும் கைவிடுவதற்கான துணைப்பணிகளிலும் தொடர்ந்தது என்பதை இக்கட்டுரை 1902 முதல் 2024 வரையிலான சான்றுகளின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புகையிலை, தாம்பூலம், வாய்ப்புற்று, நெய்யூர், நோய்ப்பரவியல், புகையிலை கைவிடல்.

முன்னுரை

தமிழில் ‘புகையிலை’ என்னும் சொல் புகையையும் இலையையும் இணைத்து அமைந்தது. பெயர் புகையைச் சுட்டினாலும், பேச்சு வழக்கில் ‘புகையிலை போடுதல்’ என்பது வாயில் அடக்கி மெல்லுவதையே குறிக்கும். புகைப்போர் தாம் பயன்படுத்துவதைப் பீடி, சுருட்டு, சிகரெட்டு என்றே கூறுவர். புகையிலை என்று கூறுவது அரிது. பொதுநலத் துறையின் ஆவணங்கள் மெல்லும் வகையைப் ‘புகையில்லாப் புகையிலை’ என மொழிபெயர்க்கின்றன. இத்தொடர் முரணாக ஒலிப்பதற்குக் காரணம், புகைத்தலை இயல்பாகவும் மெல்லுதலை விலக்காகவும் கொள்ளும் ஆங்கில வழக்கு அப்படியே தமிழுக்குள் வந்தமையாகும். தமிழ் வழக்கில் நிலை நேர்மாறானது.

இச்சொல் வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நோய்ச்சுமை உள்ளது. 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி உதடு, வாய்ப்பகுதிப் புற்றுநோயால் உலகில் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 3,77,700 பேர். அவர்களுள் ஏறத்தாழ 1,35,900 பேர் இந்தியர். அதாவது, மூவரில் ஒருவருக்கும் மேல் இந்தியராவர். 2016–17இல் நடைபெற்ற இரண்டாம் உலகளாவிய வளர்ந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோருள் 10.7 விழுக்காட்டினர் புகைத்தனர், 21.4 விழுக்காட்டினர் புகையற்ற வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போரைப் போல் இருமடங்கினர் மெல்லுவோராக உள்ள நாட்டில், புகையிலை பற்றிய அறிவும் எச்சரிக்கையும் புகைப்போரை முன்னிறுத்தியே வளர்ந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

தாம்பூல மரபும் புகையிலையின் வருகையும்

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்வில் மிகத் தொன்மையானவை. சிலப்பதிகாரத்தில் உணவுண்ட கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிக்கும் செய்தி இடம்பெறுகிறது. அரசவைகளில் வெற்றிலைப் பை ஏந்தி நிற்கும் அடைப்பைக்காரர் என்னும் பணியாளர் இருந்தனர். திருமணத்தை உறுதி செய்யும் நிகழ்வு இன்றும் நிச்சயதாம்பூலம் எனப்படுகிறது. இம்மரபுகள் எவற்றிலும் தொடக்கத்தில் புகையிலைக்கு இடமில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய புகையிலை, போர்ச்சுகீசியர் வழியாகவே இந்தியாவை வந்தடைந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசத் பேக் என்னும் தூதர் பீஜப்பூரிலிருந்து புகையிலையை அக்பரின் அவைக்குக் கொண்டு சென்ற செய்தி அவரது குறிப்புகளில் காணப்படுகிறது. வட இந்திய அவைக்குப் புதுமையாக இருந்த அப்பொருள் தக்காணத்தில் அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது என்பது இதனால் புலனாகும்.

தென்னிந்தியாவில் புகையிலை பெற்ற செல்வாக்கிற்கு இலக்கியச் சான்றும் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய ‘புகையிலை விடு தூது’, பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பும் சிற்றிலக்கியம், இதனை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அன்னம், கிளி, தென்றல் முதலியன தூது செல்லும் மரபில் புகையிலையும் இடம்பெற்றமை, அது அயற்பொருள் என்னும் உணர்வு மறைந்து உள்ளூர்ப் பொருளாகிவிட்டதைக் காட்டுகிறது.

வணிக வரலாறும் இதனையே உணர்த்துகிறது. யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலைக்குத் திருவிதாங்கூர் நிலையான சந்தையாக இருந்தது. டச்சுக்காரர் காலத்திலும் அதன் பின்னரும் இவ்வணிகம் தொடர்ந்தது. திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்து வருவாய் ஈட்டியது. அங்கு அப்புகையிலை பெரிதும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லவே பயன்பட்டது. பின்னாளில் வாய்ப்புற்று பற்றிய முதன்மையான பதிவுகள் இதே திருவிதாங்கூரிலிருந்து வந்தன என்பது கருதத்தக்கது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். சடங்கில் வழங்கப்படும் தாம்பூலத்தில் வெற்றிலையும் பாக்கும் மட்டுமே உண்டு; புகையிலை வைப்பதில்லை. அன்றாடம் மெல்லும் தாம்பூலத்தில் அவற்றோடு சுண்ணாம்பும், பலருக்குப் புகையிலையும் சேர்கின்றன. இரண்டும் ‘வெற்றிலை போடுதல்’ என்னும் ஒரே தொடரால் குறிக்கப்படுகின்றன. மங்கலப் பொருளின் பெயருக்குள் புதிய பொருளொன்று புகுந்துகொண்டமையால் அதற்கெனத் தனி வழக்குச்சொல் தேவைப்படவில்லை. மருத்துவ ஆய்வு பின்னர் எதிர்கொண்ட சிக்கலின் வேர் இதுவே.

சென்னையும் நெய்யூரும்: முதற்பதிவுகள்

சென்னையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நிப்லாக், 1902இல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதிய கட்டுரையில் வாய்ப்புற்றைத் தாம்பூலம் மெல்லும் வழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். இந்தியாவிலிருந்து இத்தொடர்பைச் சுட்டிய தொடக்கக் காலக் கட்டுரைகளுள் ஒன்றாக இதனைப் பின்வந்த ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

அடுத்த பதிவுகள் நெய்யூரிலிருந்து வந்தன. அன்று தென் திருவிதாங்கூரில் இருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. இங்கு இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. 1908இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இப்பகுதியைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஃபெல்ஸ் எழுதியது தென்னிந்திய வாய்ப்புற்று நோயாளிகளுக்குச் செய்த 209 அறுவைகளின் பகுப்பாய்வு. பெண்டால் எழுதியது திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பு. ஒரு மருத்துவப் பணிக்களம் அத்தனை நோயாளிகளைக் கண்டது என்பதே இப்பகுதியின் நோய்ச்சுமையை உணர்த்தப் போதுமானது.

1933இல் ‘லான்செட்’ இதழில் இயான் ஆர் எழுதிய கட்டுரை இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. நோய்க்காரணம், நோயியல், மருத்துவம் என்னும் மூன்றையும் அது ஒருங்கே ஆராய்ந்தது. எவரெஸ்ட் மலைப் பயணங்களில் (1922, 1924) பங்கேற்றவரும் பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக விளங்கியவருமான சாமர்வெல் பணிபுரிந்த காலமும் இதுவே. ஆர் தம் கட்டுரையுள் தாம்பூலத்தில் சேரும் புகையிலையைப் பற்றியும் ஆராய்ந்திருந்தார். ஆயினும் கட்டுரையின் தலைப்பு திருவிதாங்கூரில் ‘பாக்கு மெல்வோரின் வாய்ப்புற்று’ என்றே அமைந்தது. புகையிலை தலைப்பில் இடம்பெறவில்லை.

இது தற்செயலான விடுபாடு எனக் கொள்வதற்கில்லை. ஐரோப்பிய மருத்துவருக்குப் புகையிலை பழகிய பொருள். அவர்தம் நாட்டில் அன்றாடம் புகைக்கப்படுவது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் அவருக்குப் புதியவை. புதிய நோய்க்குறிக்குப் புதிய பொருளையே காரணமாகக் கொள்வது இயல்பு. நோயாளியும் தம்மை வெற்றிலை போடுபவர் என்றே கூறியிருப்பார். கேட்பவரின் பழக்கமும் சொல்பவரின் மொழியும் சேர்ந்து புகையிலையைப் பின்னுக்குத் தள்ளின எனக் கருத இடமுண்டு.

பிரித்து எண்ணிய ஆய்வுகள்

நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் தருவது காரணத்தை நிறுவாது. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையோர் தாம்பூலம் தரிப்பவராக இருந்தால், நோயாளிகளிலும் பெரும்பான்மையோர் அவ்வாறே இருப்பர். ஆகவே நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட வேண்டும். தாம்பூலத்தின் உறுப்புகளைப் பிரித்துக் கேட்கவும் வேண்டும். இப்பணி 1950களில் இந்தியாவில் இரு மையங்களில் நிகழ்ந்தது.

பம்பாயில் 1941இல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்து வளர்ந்த ஆய்வு மரபில், சாங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர் 1955இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புகைத்தல், மெல்லுதல் ஆகிய இரண்டையும் அவர்கள் தனித்தனியே கணக்கிட்டனர். மெல்லுதல் வாய்க்குழிப் புற்றோடும், புகைத்தல் தொண்டைப் பகுதிப் புற்றோடும் மிகுந்த தொடர்பு கொண்டிருப்பது தெரிந்தது. ஒரே பொருள் பயன்படுத்தும் முறைக்கேற்ப வெவ்வேறு உறுப்பைத் தாக்குகிறது என்னும் இம்முடிவு, மெல்லும் புகையிலையைத் தனியே நோக்க வேண்டும் என்பதற்கு அடிப்படையாயிற்று.

சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவர்களான சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இலும் 1963இலும் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் வாய், மேல் உணவுப்பாதைப் புற்றுகளின் காரணிகளைப் பற்றி எழுதினர். புகையிலை சேர்த்து மெல்லுவோரையும் சேர்க்காமல் மெல்லுவோரையும் அவர்கள் பிரித்தறிந்தனர். தமிழ்ச் சூழலில் இப்பிரிப்பு எளிதன்று. ‘வெற்றிலை போடுவீர்களா?’ என்னும் வினாவுக்குக் கிடைக்கும் ஒரே ‘ஆம்’ என்னும் விடைக்குள் இருவகையினரும் அடங்குவர். அடுத்த வினாவைக் கேட்டவர்களே வேறுபாட்டைக் கண்டனர். 1966இல் ஜப்பானிய நோய்ப்பரவியல் அறிஞர் ஹிரயாமா, மத்திய ஆசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய ஆய்வை உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் வெளியிட்டார். தாம்பூலத்தை வாயில் அடக்கியபடியே உறங்கும் வழக்கம் ஆபத்தைப் பெரிதும் கூட்டுவதாக அவர் கண்டறிந்தார். பொருள் வாயில் தங்கும் காலமும் காரணியாகும் என்பது இதனால் உறுதிப்பட்டது.

சிகரெட்டை மையமிட்ட அறிவும் சட்டமும்

இதே காலத்தில் உலகின் கவனம் வேறொரு திசையில் சென்றது. 1950இல் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரும், பிரிட்டனில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். டாலும் ஹில்லும் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே தொடர்ந்து கண்காணிக்கும் நெடுங்கால ஆய்வைத் தொடங்கினர். 1962இல் இலண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் அறிக்கையும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கையும் வெளிவந்தன. இவை மனித குலத்திற்குப் பெரும் நன்மை பயத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றின் விளைவாகப் ‘புகையிலைத் தீங்கு’ என்பது ‘சிகரெட்டுத் தீங்கு’ என்றே புரிந்துகொள்ளப்பட்டது. மெல்லும் புகையிலைக்கென அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் தனி அறிக்கை 1986இல்தான் வெளியாயிற்று.

இந்தியச் சட்டமும் இதனையே பின்பற்றியது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுகளை மட்டுமே தழுவியது. சிகரெட்டுப் பெட்டியின் மீதும் விளம்பரத்தின் மீதும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பீடியும் மெல்லும் புகையிலையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. சாங்வி குழுவினரின் கட்டுரை வெளிவந்து 20 ஆண்டுகளும் சாந்தா, கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் முதற்கட்டுரை வெளிவந்து 16 ஆண்டுகளும் கடந்த பின்னர் இயற்றப்பட்ட சட்டம் இது. உள்நாட்டு ஆய்வு சுட்டிய திசையை விட்டு அயல்நாட்டு முன்மாதிரியைச் சட்டம் பின்பற்றியது. எல்லாப் புகையிலைப் பொருள்களையும் தழுவும் சட்டம் 2003இல்தான் இயற்றப்பட்டது. படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

நோய் உருவாகும் முறை

மெல்லும் புகையிலை எரிக்கப்படுவதில்லையாதலால் தீங்கு குறைந்தது என்னும் எண்ணம் மக்களிடம் பரவியுள்ளது. புகையிலையைப் பதப்படுத்தும்போதும் இருப்பில் வைக்கும்போதும் அதன் நிகோட்டின் முதலான ஆல்கலாய்டுகளிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. இவை வலிமையான புற்றூக்கிகள். இவை தோன்றுவதற்கு எரிதல் தேவையில்லை. தாம்பூலத்தில் சேரும் சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்துகிறது. காரச்சூழலில் நிகோட்டின் வாய்ச்சவ்வின் வழியே எளிதில் உடலுள் ஈர்க்கப்படுகிறது; அதனால் அடிமைத்தனம் வலுப்படுகிறது. அதே காரத்தன்மையால் பாக்கின் ஆல்கலாய்டாகிய அரிகோலினும் வேதிமாற்றம் அடைகிறது. திசுக்களுக்கு ஊறு செய்யும் ஆக்சிஜன் வினைப்பொருள்களும் தோன்றுகின்றன.

மேனாடுகளில் வாய்ப்புற்று நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் மிகுதியாகக் காணப்படும். தென்னிந்தியாவில் கன்னத்தின் உட்புறமும் ஈறும் கன்னமும் சந்திக்கும் பள்ளமும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. தாம்பூலத்தை அடக்கி வைக்கும் இடமும் அதுவே. பொருள் தங்கும் இடத்திலேயே நோய் தோன்றுவது காரண உறவுக்கு வலுவான சான்று. புற்று தோன்றுவதற்கு முன்னர்ப் பல ஆண்டுகள் வெண்படலமாகவோ செம்படலமாகவோ அடையாளம் காட்டுவதும் உண்டு. பாக்கு மெல்லுவோரிடம் வாய்ச்சவ்வின் அடியிலுள்ள திசு இறுகி, வாயைத் திறக்க இயலாத நிலை ஏற்படுகிறது. இந்நோய்நிலை 1950களின் தொடக்கத்தில் மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பு, புகையிலையைத் தனிக் காரணியாக நிறுவும் முயற்சிக்கு இடையே பாக்கை முற்றிலும் விடுவித்துவிடக் கூடாது என்பதையும் உணர்த்தியது.

ஊரக ஆய்வுகளும் வகைப்பாடும்

மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் ஆராய்ந்தால் நோயின் தொடக்கநிலை புலப்படாது. இக்குறையை நீக்க, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்லாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தா, பிரகாஷ் குப்தா முதலியோரும் டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்கும் கிராமங்களுக்குச் சென்றனர். எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தவரின் வாயைப் பரிசோதித்த ஆய்வு 1969இல் வெளியாயிற்று. ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமும், எர்ணாகுளத்தில் புகையிலை சேர்த்த தாம்பூலமும் காணப்பட்டன. ‘புகையிலைப் பயன்பாடு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் எத்தனை வழக்கங்கள் உள்ளன என்பதை இவ்வாய்வு வெளிப்படுத்தியது.

இதன் தொடர்ச்சியாக எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்தும் 36,000 பேரிடம் கைவிடுமாறு அறிவுறுத்தும் ஆய்வு நடைபெற்றது. அதன் ஐந்தாண்டு முடிவுகள் 1986இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. நேரில் எடுத்துக்கூறுதல், மக்கள் ஊடகம் ஆகியவற்றைக் கொண்டே அறிவுரை வழங்கப்பட்டது, மருந்து கொடுக்கப்படவில்லை. ஒப்பீட்டுக் குழுவினரைவிட அறிவுரை பெற்றோரில் மிகுதியானோர் புகையிலையைக் கைவிட்டனர் அல்லது குறைத்தனர். புற்றுக்கு முன்னோடியான வெண்படலம் அவர்களிடம் குறைவாகத் தோன்றியது. தீங்கு நேர்ந்த பின் மருத்துவம் செய்வதிலிருந்து, தீங்கு நேருமுன் தடுப்பதை நோக்கி ஆய்வு நகர்ந்த கட்டம் இதுவாகும்.

பன்னாட்டு ஏற்பும் இக்காலத்திலேயே கிட்டியது. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் வெளியிட்ட 37ஆம் தொகுதியில், புகையிலை சேர்த்த தாம்பூலம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவதற்குப் போதிய சான்று உள்ளது என அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலத்திற்குச் சான்று போதாது என்பது அப்போதைய முடிவு. 2004இல் வெளிவந்த 85ஆம் தொகுதி, புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் தனித்தனியே புற்றூக்கிகள் என வகைப்படுத்தியது. இம்மாற்றம் வரலாற்றை ஒரு சுற்று சுற்றி வரச் செய்கிறது. நிப்லாக் முதல் ஆர் வரையிலானோர் பாக்கையும் வெற்றிலையையும் முன்னிறுத்தியது முழுத்தவறு அன்று; புகையிலையைப் பின்னிறுத்தியதே குறை. ஒன்றைக் குற்றவாளியாக்கும்போது மற்றொன்று மறைந்துவிடும் என்பதை இரு காலகட்டங்களும் காட்டுகின்றன.

கண்டறிதலிலும் தென்னிந்தியா வழிகாட்டியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதித்தனர். சங்கரநாராயணன் குழுவினர் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு இவ்வெளிய முறையால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கைவிடத் துணை

சான்று நிறுவப்பட்ட பின்னரும் கைவிட விரும்புவோருக்குக் கிடைக்கும் துணை புகைப்போரை நோக்கியே அமைந்தது. நிகோட்டின் மெல்லுபசையின் தோற்றம் இங்குக் குறிப்பிடத்தக்கது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க இயலாத சுவீடன் நாட்டுக் கடற்படையினர் வாயில் இடும் புகையிலைக்கு மாறியதைக் கண்டே, எரியாமல் நிகோட்டினை அளிக்கும் மருந்து பற்றிய எண்ணம் அந்நாட்டு ஆய்வாளர்களுக்குத் தோன்றியது. மெல்லும் வழக்கத்தைக் கண்டு பிறந்த மருந்து, புகைப்போருக்கே முதன்மையாகச் சோதிக்கப்பட்டது. புகையற்ற புகையிலையைக் கைவிடும் முறைகளைத் தொகுத்தாய்ந்த 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வில், நடத்தைசார் அறிவுரையும் வாரெனிக்ளினும் பயன் தருவதாகக் காணப்பட்டன. மெல்லுபசைக்கும் தோல் ஒட்டுக்கும் தெளிவான பயன் புலப்படவில்லை. அத்தொகுப்பில் அடங்கிய சோதனைகளிற் பெரும்பாலானவை மேனாடுகளில் நிகழ்ந்தவை. 2024 ஜூலையில் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட புகையிலை கைவிடல் வழிகாட்டியில் புகையற்ற வகையைப் பயன்படுத்துவோருக்கும் பரிந்துரை இடம்பெற்றது.

இந்தியாவில் 2002இல் மைய நலவாழ்வு அமைச்சகமும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து 13 புகையிலை கைவிடல் மையங்களைத் தொடங்கின. அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் ஒன்று. 2016இல் டெல்லியில் தொடங்கிய தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி உதவிச் சேவை (1800-11-2356) பின்னர்ப் பெங்களூரு நிம்ஹான்ஸ் முதலிய மையங்களுக்கும் விரிந்தது. தென்னிந்திய மொழிகளிலும் பேச வழி ஏற்பட்டது. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் புகையிலைப் பொட்டலங்களின் மீது அச்சிடப்படுகிறது. ஆனால் பெட்டிக்கடையில் உதிரியாக எடைபோட்டு வாங்கும் காம்புப் புகையிலைக்குப் பொட்டலமே இல்லை. எச்சரிக்கைப் படமும் உதவி எண்ணும் அவரிடம் சென்று சேர்வதில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்ற அதே மனிதர், விரிவான சட்டம் வந்த பின்னரும் நடைமுறையில் வெளியே நிற்கிறார்.

தடையின் வரலாறும் இத்தகையதே. குட்காவை முதலில் தடை செய்த மாநிலம் தமிழ்நாடு (2001). உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் மாநில அதிகாரிகள் இத்தகைய தடை விதிக்க இயலாது என 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் உணவுப் பொருளில் புகையிலையும் நிகோட்டினும் சேரக் கூடாது என வரையறுத்த பின்னர், 2013இல் தமிழ்நாட்டில் மீண்டும் தடை வந்தது. அதன்பின் பான் மசாலாவும் புகையிலையும் தனித்தனிப் பொட்டலங்களாக அருகருகே விற்கப்பட்டன. வாங்குவோர் தாமே கலந்துகொண்டனர். ஆய்வாளர்கள் உண்மையறியப் பிரித்த இரு பொருள்களை, வணிகம் விதியைக் கடக்கப் பிரித்தது.

அறிவுரை வழங்குவோர் கருத வேண்டிய கூறுகள் இவ்வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. ‘புகை பிடிப்பீர்களா?’ என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என விடையளிப்பவர் நாள்தோறும் பலமுறை புகையிலை மெல்லுபவராக இருக்கலாம். ஆகவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் வாயில் அடக்குகிறார், உறங்கும்போதும் அடக்குகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். நிகோட்டின் விலக்கத்தால் தோன்றும் எரிச்சல், தூக்கமின்மை, மனக்கலக்கம் முதலியன முதற் சில நாள்களில் உச்சமடைந்து, சில வாரங்களில் தணியும் என்பதை முன்கூட்டியே கூறுவது உறுதி குலையாமல் காக்கும். வாய்க்கு ஏதேனும் வேண்டும் என்னும் உணர்வுக்கு ஏலக்காய், சோம்பு போன்றவை மாற்றாகலாம். புகையிலையை மட்டும் நீக்கிப் பாக்கைத் தொடர்வது தீர்வாகாது என்பதை 2004ஆம் ஆண்டு வகைப்பாடு தெளிவாக்குகிறது.

முடிவுரை

தென்னிந்திய வாய்ப்புற்று ஆய்வின் வரலாறு, தொலைவிலிருந்து வந்த அறிவைப் பின்பற்றிய வரலாறு மட்டுமன்று. 1902இலும் 1908இலும் 1933இலும் இம்மண்ணிலிருந்து சென்ற பதிவுகள் உலக இதழ்களில் இடம்பெற்றன. 1955இலும் 1959இலும் புகையிலையின் பங்கு பிரித்துக் காட்டப்பட்டது. பன்னாட்டு வகைப்பாடு 1985இல் வந்தது; எல்லாப் புகையிலைப் பொருள்களுக்குமான இந்தியச் சட்டம் 2003இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சான்று போதவில்லை என்று மட்டும் கூறி அமைய முடியாது. சான்று சுட்டிய பொருள் ஒரு மங்கல வழக்கத்தின் பெயருக்குள் மறைந்திருந்ததும், உலகின் கவனம் சிகரெட்டின்மேல் குவிந்திருந்ததும் சேர்ந்தே காலத்தைத் தாழ்த்தின.

தாம்பூலத்தின் பண்பாட்டு மதிப்பை மறுப்பது இவ்வாய்வுகளின் நோக்கமன்று. சடங்கில் வழங்கும் வெற்றிலை பாக்கு வேறு, அன்றாடம் கன்னத்தில் அடக்கும் புகையிலை வேறு என்னும் தெளிவு மக்களின் வழக்கிலேயே உள்ளது. நலவாழ்வுத் துறையின் வினாநிரல்களும் எச்சரிக்கைகளும் அறிவுரை நூல்களும் அத்தெளிவைத் தம் மொழியில் கொண்டுவருதல் வேண்டும். ‘புகையில்லாப் புகையிலை’ என்னும் மொழிபெயர்ப்புத் தொடரைவிடப் ‘போடும் புகையிலை’ என்னும் வழக்குத்தொடர் நோயாளியின் காதில் விரைவாக விழும். தமிழ் ஆய்வுலகம் வழக்குச்சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து மருத்துவத் துறைக்கு வழங்குமாயின், நெய்யூர் மருத்துவர்கள் தொடங்கிய பணியில் அதற்கும் பங்கு உண்டாகும்.